மச்சான் எனக்கு வைத்த லெவல்

மச்சான். டேய் மச்சான்.

உன்னைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. நீயும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உன் பேரைச் சொல்லும்போதெல்லாம் வேறு யாரையோ சொல்வது மாதிரி இருக்கும். இப்போது உன்னை அடக்கிய கபுரின் தலைமாட்டில் நட்ட பலகையில் அந்தப் பேரை எழுதியிருக்கிறார்கள். இப்போதும் வேறு யாரோ மாதிரிதான் இருக்கிறது. அதனால் மச்சான் என்றே கூப்பிடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அது ஏன் என்று மற்றவர்களிடம் சொல்லப் போகிறேன். நீயும் கேட்டுக்கொண்டிரு.

அவன் என் மாமி மகன். மாமி என்றால் என் வாப்பாவின் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். அவன் பாலிடெக்னிக்குக் கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு நின்றான். இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்துத்தான் புரோகிராம் எழுதப் பழகினோம். அவனுக்கு ஒன்று புரிந்தால் என்னை எழுப்பிச் சொல்வான். எனக்குப் புரிந்தால் நான் போய் அவனை எழுப்புவேன். எங்களுக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். துபாய், கத்தார், சவூதி என்று போயிருப்பார்கள். அவர்களைச் சபராளி என்று சொல்வோம். சபராளியிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். பிள்ளைக்குக் கை உடைந்திருக்கும். போனில் "எல்லாரும் நல்லாருக்கோம் அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். அங்கே இருக்கிறவன் கேட்டு என்ன செய்துவிட முடியும், சாப்பாடு இறங்காமல் கிடப்பான் என்பது அவர்கள் நியாயம்.

மச்சானும் கொஞ்ச காலம் சபராளியாக இருந்தவன்தான். அவன் அங்கே இருந்தபோது அவனுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரில வச்சிருக்கோம், துஆ செய்" என்று மட்டும் சொன்னார்கள். இவனும் தொழுகை தொழுகையாக உட்கார்ந்து அல்லாவிடம் துஆ கேட்டிருக்கிறான். பிறகுதான் யாரோ வாய் தவறிச் சொல்ல, உண்மை தெரிந்து ஊருக்கு வந்தான். கடற்கரையில் வள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்.

"அடக்கம் பண்ணிட்ட மனுசனுக்குக் குணமாகணும்னு துஆ கேட்டுக்கிட்டுக் கெடந்திருக்கேன்டா. அல்லாகிட்ட என்னைக் கோமாளியாக்கிட்டாங்க."

அதற்குப் பிறகு அவன் வெளிநாட்டுக்குப் போகவில்லை. மாமியோடு ரொம்ப நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை. நான் சபர் கிளம்பிய அன்றைக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பஸ் ஏறும் முன்னால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, இங்கன எது நடந்தாலும் நான் உனக்குச் சொல்லுவேன். அங்கன எது நடந்தாலும் நீ எனக்குச் சொல்லணும். இவங்க மாதிரி மறைக்கிற பழக்கம் நமக்கு வேணாம்."

"சொல்றேன், காலரை விடு. கிழிஞ்சா உன் சட்டையக் கழட்டி வாங்கிருவேன்."

"என் சட்டைதான்டா அது."

அவன் சட்டைதான். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அங்கே எனக்கு ஒரு மளிகைக் கடையில் வேலை. மதியம் கடை சாத்தி இருக்கும் நேரத்தில் பழைய லேப்டாப்பைத் திறந்து மச்சானோடு சேர்ந்து எழுதுவேன். நாங்கள் எழுதியது ஒரு சின்ன லைப்ரரி. அது முழு ஆப் இல்லை. ஆப் எழுதுகிறவர்கள் எடுத்துத் தங்கள் ஆப்புக்குள் வைத்துக்கொள்கிற ஒரு துண்டு. வள்ளத்தில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி ஓயாமல் கொடுக்கிற எழுத்து வரிகளை வாங்கி, வள்ளம் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பிரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது நாங்கள் பெற்ற பிள்ளை மாதிரி.

அதை முதலில் வாங்கிப் பயன்படுத்தியவர் மண்டபத்தில் வள்ளங்களுக்குக் கருவி மாட்டிக் கொடுக்கும் ஒரு அண்ணன். அவர்தான் முதலில் சண்டைக்கும் வந்தார். மூன்று பேரும் ஒரே போன் காலில் இருந்தோம்.

"தம்பி, உங்க லைப்ரரிக்கு வாயே ஓயாதா? 'வரி வந்துச்சு, படிச்சேன், பிரிச்சேன்'னு நொடிக்கு நொடி எழுதிக்கிட்டே கெடக்கு. போனு மெமரி ரொம்பிப் போயி ஒருத்தன் என் கருவியக் கழட்டிக் கொண்டாந்து மேசையில போட்டுட்டான்."

"அது பேசுனாத்தானேண்ணே உசுரோட இருக்குன்னு தெரியும்" என்றான் மச்சான்.

"என் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றா."

தப்பு எங்களுடையதுதான். பழகும்போது எது நடக்கிறது என்று பார்ப்பதற்காக எல்லா இடத்திலும் பிரிண்ட் வரிகளைப் போட்டு வைத்திருந்தோம். எங்கள் போனில் அது எங்களுக்கு உதவி. இன்னொருவர் ஆப்புக்குள் போனால் அது வெறும் கூச்சல். அதை எடுத்துவிட்டு ஒழுங்காக லாக் வைக்க வேண்டும் என்று மச்சான் முடிவு செய்தான். லாக் என்றால் புரோகிராம் ஓடும்போது தான் செய்வதைக் குறித்துச் சொல்லிக்கொண்டே போவது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதற்கு லெவல் உண்டு. டீபக் என்றால் ஒன்று விடாமல் சொல்லும். இன்ஃபோ என்றால் முக்கியமானதை மட்டும். அதற்கு மேலே வார்னிங், அதற்கும் மேலே எரர்.

"எவ்வளவு கேக்கணும்ங்கறத நாம முடிவு பண்ணக் கூடாதுடா" என்றான். "எடுத்து வைக்கிறவன் அவன் செட்டிங்ல எழுதிக்கிறட்டும். வயருலேந்து படிக்கிற பகுதிக்குத் தனியா ஒரு லெவல், பிரிக்கிற பகுதிக்குத் தனியா ஒண்ணு. ஸ்கிரீன்ல வேணுமா, ஃபைல்ல வேணுமா, எங்கயுமே வேணாமா, அதையும் அவனே சொல்லட்டும்."

பிரிண்ட் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த லெவல் என்று பிரிப்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் சண்டை போடுவோம். ஜிபிஎஸ் வயர் தளர்ந்து, வரி விட்டு விட்டு வந்தால் அது வார்னிங்கா எரரா என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசினோம். "ஆடுனா வார்னிங், அறுந்தா எரர்" என்று அவன் முடித்து வைத்தான்.

கடைசிச் சண்டைதான் பெரிய சண்டை. எடுத்து வைத்தவர் செட்டிங் எதுவுமே எழுதாவிட்டால் என்ன செய்வது? மச்சான் அதற்கு ஒரே ஒரு வரி எழுதினான். வருகிற செய்தியை எல்லாம் வாங்கிக்கொண்டு, எங்கேயும் எழுதாமல் விட்டுவிடுகிற ஹேண்ட்லர் அது. சொல்லாவிட்டால் அமைதி என்று அர்த்தம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "எரராவது வெளிய வரணும்டா. கேக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?"

"நாம விருந்தாளிடா. அவன் வீட்டுக்குள்ள போயிருக்கோம். அவன் கேட்டாத்தான் பேசணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஆனா கேட்டுட்டான்னா, ஒண்ணு விடாம சொல்லிரணும்."

அந்த வரி அப்படியே நின்றது.

சில நாள் கழித்து மண்டபத்து அண்ணன் இன்னொரு கோரிக்கையோடு வந்தார். அன்றைக்கும் மூன்று பேரும் போன் காலில் இருந்தோம். மச்சான் பக்கத்திலிருந்து பீப் பீப் என்று ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது.

"என்னடா அது சத்தம்?" என்று கேட்டேன்.

"கடையில நிக்கிறேன்டா, பில்லு போடுறாங்க. நீங்க சொல்லுங்கண்ணே."

அண்ணன் சொன்னார். "வயரு ஆடுறப்ப வார்னிங் போடுதுல்ல தம்பி, அதப் பாத்து ஆளுக பயப்படுறாக. அதுக்குப் பதிலா 'சரியா இருக்கு'ன்னு போட்டுட்டு, கடைசியா வந்த இடத்தையே காட்டச் சொல்லேன். எப்படியும் ரெண்டு நிமிசத்துல வயரு சரியாயிரும்."

"அண்ணே, வாய மூடச் சொல்லுங்க, மூடிக்கிரும். பொய் சொல்லச் சொல்லாதீங்க. கடல்ல நிக்கிறவன் அதை நம்பித்தானே சுக்கானைத் திருப்புவான்?"

"ஏலே, நீ லைப்ரரி எழுதுறியா, பள்ளிவாசல்ல பயான் பண்றியா?"

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் அவன் எழுதுவது குறைந்துபோயிருந்தது. வீடியோ காலில் வர மாட்டான். நெட் சரியில்லை என்பான். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுவேன். குரல் இறங்கிக் கிடக்கும்.

"உடம்பு நல்லாருக்காடா?"

"நல்லாருக்கேன் அல்ஹம்துலில்லாஹ்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கி எந்திரிச்சேன்டா. நீ அந்த எரர் லெவல் டெஸ்டை முடிச்சியா?"

நான் கேட்டேன். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், கேட்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் கேட்டேன்.

எங்கள் அறையில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், காக்கா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவரவர் தட்டை அவரவர் கழுவுவோம். அன்றைக்கு என் தட்டை அவர் வாங்கிக்கொண்டார்.

"கையக் கழுவிட்டு வா. ஊர்லேந்து போன் வந்துச்சு. உன் மச்சானுக்கு முடியலயாம்."

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பேச்சு தெரியும். சபராளிக்குச் செய்தி நேராக வராது. அறையில் இருக்கிறவருக்குத்தான் முதலில் போன் வரும். அவர் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வார்.

"அடக்கிட்டாங்களா காக்கா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மத்தியானம் லுஹர் தொழுகையோட."

"என்ன செஞ்சுச்சு அவனுக்கு?"

"கிட்னி ரெண்டும் போச்சு. ராம்நாட்ல வாரா வாரம் டயாலிசிஸ் எடுத்துக்கிட்டிருந்தான்."

"உங்களுக்கு எப்பலேந்து தெரியும்?"

"நோன்புக்கு முந்தி."

நோன்பு முப்பதும் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து நோன்பு திறந்தவர். என் கையில் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தவர். ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. எல்லாரும் பார்க்க நான் மட்டும் துணியில்லாமல் நின்றிருந்தது மாதிரி.

லீவு கிடைத்து ஊருக்கு வந்தேன். வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேராக மாமியிடம் போனேன். உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாப்பா. எளைச்சுப் போயிட்ட."

"எனக்கு ஏன் மாமி சொல்லல?"

"சொல்லி? அங்கன இருந்துக்கிட்டு நீ என்னப்பா செய்வ? போட்டது போட்டபடி ஓடி வருவ. திரும்ப வேலைக்கு எடுப்பானா கடைக்காரன்? உங்க உம்மா என்ன செய்வா?" முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானாப்பா மறைச்சேன்? அவன்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்குனான். உங்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னான்."

"நான் கேட்டேன் மாமி. வெள்ளிக்கிழமை தவறாமக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"நல்லாருக்கேன் அல்ஹம்துலில்லாஹ்னான்."

மாமிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "எங்கிட்டயும் அதத்தாம்பா சொல்லுவான். மெசின்ல படுத்துக்கிட்டே சொல்லுவான். பீப் பீப்னு அது கத்திக்கிட்டுக் கெடக்கும், அதுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு நல்லாருக்கேன்பான்."

பில் போடும் சத்தம் என்று அவன் சொன்னது அது.

"வாப்பா மௌத்த மறைச்சதுக்கு உங்ககூடப் பேசாம இருந்தவன்தானே மாமி அவன்? அவனே எப்படி எனக்குச் செய்யலாம்?"

மாமி என் கையைப் பிடித்தார். "ஜனாஸாவக் கொண்டு போறப்ப பள்ளிவாசல் வாசல்ல வச்சுக் கேட்டாங்க. இவன் யாருக்காச்சும் எதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கங்கன்னு. வந்த சனம் பூராம் பொருந்திக்கிட்டோம்னு சொல்லுச்சு. நீ ஒருத்தன்தாம்பா பாக்கி. சொல்லிருப்பா. புள்ள நிம்மதியாக் கெடக்கட்டும்."

பொருந்திக்கிட்டேன் என்ற ஒரே ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தேன். வரவில்லை. "நாளைக்கு வாரேன் மாமி" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவன் போட்ட அந்த ஒரு வரி அங்கேதான் இருந்தது. சொல்லாவிட்டால் அமைதி என்கிற வரி. அதை அழித்தேன். இனி யாரும் கேட்காவிட்டாலும் எரர் வெளியே வரட்டும். மாற்றியதை அப்படியே வெளியிட்டும் விட்டேன். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ மண்டபத்து அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, மறுபடியும் கத்துதேப்பா."

"எரர் மட்டுந்தானேண்ணே வரும்?"

"எரர்தான். நான்தான் அதுக்குன்னு என் ஆப்புல தனியா எடம் வச்சிருக்கேனே. அந்தச் செட்டிங் ஏறுறதுக்கு முன்னாடியே உன்னோடது ஸ்கிரீன்ல வந்து விழுகுது. கருவிய ஆன் பண்ண ஒடனே செவப்பு எழுத்தப் பாத்து ஆளு மெரளுறான்." கொஞ்சம் தயங்கினார். "உன் மச்சான் வச்சபடியே வச்சிரு தம்பி. அவன் யோசிச்சுத்தான் வச்சான்."

அவர் மச்சான் என்று சொன்ன விதத்தில் எனக்கு ஏதோ தட்டியது. "அண்ணே, அவனுக்கு முடியாதது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

காற்றுச் சத்தத்துக்கு நடுவே சொன்னார். கடற்கரையில் நின்றிருப்பார்.

"ஒரு தடவ ஆஸ்பத்திரில போயிப் பாத்தேன்ப்பா. அன்னைக்கு மூணு பேரும் பேசுனோம்ல, அன்னைக்கு நான் அவன் கட்டில் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அப்படியானால் அந்தப் போன் காலில் தனியாக இருந்தது நான் ஒருவன்தான். பொய் சொல்லச் சொல்லாதீங்க என்று அவன் சொன்னபோது கையில் ஊசி குத்தியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். கொஞ்சம் முன்னால்தான் என்னிடம் பில்லு போடுறாங்க என்று சொல்லியிருந்தான்.

அந்த வரியைத் திரும்பப் போட்டேன். அவன் வைத்த முறை சரிதான். கேட்காதவனிடம் பேசாமல் இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. அவன் அமைதியாக மட்டும் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். "கேக்காதடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், பிளைட் ஏறியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அமைதியாக இருக்கவில்லை. வயர் அறுந்து கிடக்கும்போது சரியாக இருக்கிறது என்று எழுதினான். எந்த வள்ளத்துக்காரனுக்கும் செய்ய மாட்டேன் என்று சொன்னதை எனக்குச் செய்தான். எனக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்ற லெவலை அவனே வைத்துவிட்டான். நானும் அதை நம்பித்தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என்மேல் இருந்த பாசத்தில்தான் செய்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்ததால் வலி குறையவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவன் கபுருக்குப் போகிறேன். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுகிறேன். ஓதி முடித்து, மாமி கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு வரும்போது நாக்கு நின்றுவிடுகிறது. உதட்டளவில் சொல்லிவிடலாம், மாமியும் நிம்மதியாகிவிடுவார். ஆனால் உள்ளே அறுந்து கிடக்க, சரி என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு பேரும் பொய் சொன்னவர்களாக ஆகிவிடுவோமே மச்சான். உண்மையாக வருகிற அன்றைக்கு, சத்தமாகச் சொல்கிறேன். மாமி காதிலும் விழும்.

அதுவரைக்கும் அவன் என் ஒருவனுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். இதைப் படிக்கிற நீங்கள் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அவன் உங்களிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. உங்களுக்கு நாக்கு நிற்காது. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அவனுடைய கபுர் விசாலமாக இருக்கட்டும் என்று எல்லாரும் ஒரு தடவை அவனுக்காகத் துஆ செய்யுங்கள்.